இரண்டு முதற்காதல்கள்

ஜப்பானியப் பாடகர் உடாடா ஹிகாரு, பொருளால் ஒன்றேயான ஒரு பெயரைத் தம் இரண்டு இசைத்தொகுப்புகளுக்குச் சூட்டியிருக்கிறார். முதலாவது, 1999 மார்ச் 10 அன்று வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் லவ்’. மற்றொன்று, 2018 ஜூன் 27 அன்று வெளிவந்த ‘ஹட்சுகோய்’. முன்னது ஆங்கிலம், பின்னது ஜப்பானியம். இரண்டுக்கும் பொருள் முதற்காதல்தான். முன்னது வெளியானபோது அவருக்கு வயது 16. பின்னது வெளியானபோது 35. பின்னது பழைய பாடல்களின் மறுபதிப்பன்று. 2017, 2018 ஆகிய ஈராண்டுகளில் வெளிவந்த புதிய பாடல்கள் பன்னிரண்டு அதில் உள்ளன.

மணமும் பிள்ளைப்பேறும் தாயின் மரணமும் கண்டுவிட்ட ஒருவர், முப்பதுகளின் நடுவில் நின்றுகொண்டு, ‘முதற்காதல்’ என்று மறுபடியும் ஏன் பெயரிட வேண்டும்? முதல் என்பது ஒருமுறைதானே வரும்? இக்கேள்வி எங்களிடையே சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. பேசியதில் ஓரளவு தெளிவும் கிடைத்திருப்பதாகத் தோன்றுவதால் எழுதுகிறோம்.

‘எங்களிடையே’ என்று சொன்னதை விளக்கிவிடுவது நல்லது. 2001 முதல் 2003 வரை ஒரே வகுப்பில் தமிழ் முதுகலை பயின்று, இன்று வேறு வேறு ஊர்க் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் மூவர் நாங்கள். ஒருவர் படித்ததையும் கேட்டதையும் மற்ற இருவருக்கும் சொல்லிவிடும் வழக்கம் அன்று தொடங்கி இன்றும் நீடிக்கிறது. எழுதும் கை ஒன்றாயினும் எண்ணம் மூவருடையது. உடாடா எங்களை வந்தடைந்ததும் இவ்வழக்கத்தின் வாயிலாகவே. எங்களில் ஒருவருடைய அண்ணன் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். 2002இல் விடுமுறைக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த குறுந்தகடுகளுள் ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஒன்று. விடுதியில் குறுந்தகடு கேட்க வசதி கிடையாது. கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து தரும் கடைக்காரரிடம் கொடுத்துத் தொண்ணூறு நிமிட ஒலிநாடாவில் ஏற்றிக்கொண்டோம். உடாடா போக எஞ்சிய இடத்தில் கடைக்காரரே தம் விருப்பத்துக்கு இளையராஜா பாடல்கள் சிலவற்றை நிரப்பித் தந்தார். அந்த நாடா இழுபட்டுக் குரல் கரகரக்கத் தொடங்கும்வரை கேட்டோம். எங்களில் எவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் பற்றிக்கொண்டு, ஆற்றைக் கடக்கக் கல் விட்டுக் கல் தாவுகிறவர்களைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாடியவர் எங்களினும் ஒன்றிரண்டு வயது இளையவர் என்பதுதான் எங்களை முதலில் வியக்க வைத்தது. உடாடா 1983 ஜனவரி 19 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். 1998 டிசம்பர் 9 அன்று முதல் இசைத்தட்டு வெளியானபோது அவருக்கு 15 வயது. பாடல் வரிகளும் மெட்டும் அவருடையவையே. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் தோன்றிய ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையின் நடையை, வளைந்தும் தயங்கியும் செல்லும் அதன் குரலசைவை, ஜப்பானிய மொழிக்குள் இயல்பாகப் பொருத்திவிட்டார் அந்தச் சிறுவயதுக்காரர். ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஜப்பானில் மட்டும் 76 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அந்நாட்டில் மிகுதியாக விற்ற இசைத்தொகுப்பு இன்றளவும் அதுவே.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. ஆண், பெண் என்னும் இரு வகைக்குள் தம்மை அடக்கிக்கொள்ள இயலாது என்று 2021இல் உடாடா வெளிப்படையாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதுவோர் அதன்பின் சுட்டுப்பெயருக்குத் தடுமாற, தமிழின் ‘அவர்’ நமக்கு எளிதாகக் கைகொடுக்கிறது. இக்கட்டுரையில் அவர் எங்கும் ‘அவர்’தான்.

முதல் தொகுப்பின் தலைப்புப் பாடல் முதற்காதலின் தொடக்கத்தைப் பாடவில்லை, முடிவைப் பாடுகிறது. பதினாறு வயதுக் குரல் பிரிவின் பின்னே நின்றுகொண்டு, இனி வரப்போகும் காலத்திலும் இதை நினைத்திருப்போம் என்று முன்கூட்டியே நினைவுகொள்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த எங்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அந்த வயதில் துயரம் ஓர் அணிகலன் போன்றது. உண்மையில் இழந்ததைவிட, இழந்ததாக எண்ணிக்கொள்வதில் ஒரு பெருமிதம் இருந்தது. பாலைத்திணைப் பாடல்களை அக்காலத்தில் நாங்கள் உருகி உருகிப் படித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

2018இல் வந்த ‘ஹட்சுகோய்’ தலைப்புப் பாடலோ எதிர்த்திசையில் செல்கிறது. நெஞ்சத்துக்குள் நிகழ்ந்துவிட்டதை உடல் முந்திக்கொண்டு அறிவிக்க, மனம் பின்னால் வந்து அதற்குப் பெயரிடுகிறது. முடிவிலிருந்து திரும்பிப் பார்த்தவர், 35 வயதில் அறியும் கணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். உள்ளத்தில் எழுந்ததை மெய்யின்கண் தோன்றும் குறிகளால் அறிவது பற்றித் தொல்காப்பியத்தில் ஓர் இயலே உண்டு. ஆண்டுதோறும் நாங்கள் நடத்தும் மெய்ப்பாட்டியல் அது. ‘ஹட்சுகோய்’ பாடலின் மொழிபெயர்ப்பை ஒரு ஜப்பானிய மாணவரின் உதவியோடு படித்தவர்கள் சொல்லக் கேட்டபோது, எங்கள் நினைவுக்கு முதலில் வந்தது அந்த இயல்தான். ஆனால் அந்தப் பாடலில் கண்ணீரும் இருக்கிறது. தொடங்கும் காதலின் கண்ணீரா, முடிந்துபோன ஒன்றை இப்போதுதான் காதலென்று உணர்ந்துகொண்டவரின் கண்ணீரா என்பதைப் பாடல் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

எங்களில் ஒருவர் இதையெல்லாம் ஏற்கவில்லை. “இருபதாம் ஆண்டு வருகிறது. விற்ற பெயரை இன்னொரு முறை விற்கிறார்கள். இதில் காவியம் தேடாதீர்கள்” என்றார். மறுக்க எளிதான பேச்சன்று. அறிமுகமான இருபதாம் ஆண்டில்தான் ‘ஹட்சுகோய்’ வெளிவந்தது. மக்களிசை என்பது வணிகமும்கூட என்பதை மறந்துவிட்டு அதைப் பேசுவது போலித்தனம். எனினும் இரண்டு தொகுப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், விற்பனை என்னும் ஒரே விடைக்குள் இந்தப் பெயர் அடங்கவில்லை.

அந்த வரிசை உடாடாவின் தாயிடம் தொடங்குகிறது. ஃபுஜி கெய்கோ என்னும் பெயரில் பாடிய அவர் 1951இல் ஜப்பானின் வடகிழக்கிலுள்ள இவாத்தே மாநிலத்தில் பிறந்து, ஹொக்கைடோவின் குளிர் நகரமான அசாஹிகாவாவில் வளர்ந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று கதைப்பாட்டுப் பாடியவர். தாய் கண்பார்வை இல்லாத ஷாமிசென் கலைஞர். ஷாமிசென் என்பது மூன்று நரம்புகள் கொண்ட மீட்டுகருவி. பெற்றோருடன் சிறுவயதிலேயே பாடச் சென்ற ஃபுஜி கெய்கோ 1969இல் ‘என்கா’ பாடகியாக அறிமுகமானார். மது விடுதி, மழை, துறைமுகம், கைவிடப்பட்ட பெண் ஆகியவற்றைத் தொண்டை அதிரும் குரலில் பாடும் இசைவகை என்கா. 1970இல் அவருடைய முதலிரு தொகுப்புகளும் ஒன்றையடுத்து ஒன்றாக மொத்தம் 37 வாரங்கள் இடையறாமல் விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தன. 1979இல் மேடையை விட்டு விலகி அமெரிக்கா சென்றார். அங்கே பிறந்த குழந்தைதான் ஹிகாரு.

தாய் பாடியது பழைய ஜப்பானின் துயரம். பிள்ளை பாடியது புதிய நகரத்தின் தாளம். கேட்பவர்களுக்கு இரண்டும் இருவேறு உலகங்கள். ஆனால் ‘ஃபர்ஸ்ட் லவ்’வை இப்போது கேட்கும்போது, சொல்லின் கடைசி அசையில் குரல் நடுங்கி இறங்கும் இடங்கள் சில எங்களுக்கு வேறுவிதமாகக் கேட்கின்றன. தாலாட்டில் கேட்டதை எந்தப் பள்ளியும் அழித்துவிட முடியாது.

2010 ஆகஸ்டில், தாம் இசைப்பணியிலிருந்து ஓய்வெடுத்துக்கொள்வதாக உடாடா அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன சொல் ‘நிங்கென் கட்சுடோ’. மனிதராக இயங்குதல் என்று அதைத் தமிழாக்கலாம். 15 வயது முதல் பாடகராக மட்டுமே இயங்கியவர், மனிதராக இயங்கக் காலம் கேட்டார். அவ்வாண்டு டிசம்பர் 8, 9 நாள்களில் யோகோஹாமாவில் பாடிவிட்டு விலகினார். 2013 ஆகஸ்ட் 22 அன்று, நெடுங்காலம் மனநோயால் துன்புற்றிருந்த ஃபுஜி கெய்கோ டோக்கியோவில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு உடாடாவுக்குத் திருமணம். அதற்கடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். தாயை இழந்த ஈராண்டுக்குள் தாமும் ஒரு பிள்ளைக்குப் பெற்றவராகிவிட்டார்.

அவர் திரும்பி வந்தது 2016 செப்டம்பர் 28 அன்று, ‘ஃபான்டோம்’ என்னும் தொகுப்போடு. பிரெஞ்சு மொழியில் ஆவி, மாயத்தோற்றம் என்று பொருள்படும் சொல் அது. அத்தொகுப்பைத் தாயின் நினைவுக்குப் படைத்தார். அதற்கு அடுத்ததுதான் ‘ஹட்சுகோய்’. இழவுக்குப் பின் வந்த காதல் தொகுப்பு. இந்த அடைவை நாங்கள் முக்கியமானதாகக் கருதுகிறோம். 1999க்கும் 2018க்கும் இடையே இருந்தது வெறும் காலம் மட்டுமன்று.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. ‘ஹட்சுகோய்’ அவருடைய ஏழாவது ஜப்பானியத் தொகுப்பு. முந்தைய ஆறில் ஐந்துக்கு ஆங்கிலப் பெயர், ஒன்றுக்குப் பிரெஞ்சுப் பெயர். ஜப்பானிய மொழியில் பெயர் பெற்ற முதல் தொகுப்பு இதுவே. 16 வயதில் ஆங்கிலத்தில் சொன்ன அதே சொல்லை 35 வயதில் தாய்மொழியில் சொல்கிறார். நியூயார்க்கில் பிறந்து இரு மொழியிலும் வளர்ந்த ஒருவருக்குத் தாய்மொழி என்பது எங்களைப் போன்றோர் மேடையில் முழங்கும் பொருளில் அமையாது. அது நேர்ப்பொருளிலேயே தாயின் மொழி. தாய் பேசிய, தாய் பாடிய மொழி.

மொழியைப் பற்றிப் பேசும்போது ‘கோய்’ என்னும் சொல்லையும் சற்றுப் பார்க்க வேண்டும். ஜப்பானியத்தில் அன்புக்கு ‘ஆய்’, காதல் வேட்கைக்குக் ‘கோய்’ என இரு சொற்கள் உண்டு. பழைய இலக்கியத்தில் கோய் என்பது அருகில் இல்லாத ஒன்றுக்காக ஏங்குவதையே பெரிதும் குறித்தது. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘மன்யோஷூ’வில் சில பாடல்கள் அச்சொல்லைத் தனிமை, துயரம் எனப் பொருள்படும் இரு சீன எழுத்துகளால் எழுதிக் காட்டுகின்றன. ஒலிக்காகக் கடன்வாங்கிய எழுத்துகள்தாம். ஆனால் எழுதியவர் கை எதை எடுக்கலாம் என்று தேடியபோது அவ்விரண்டையும் எடுத்திருக்கிறது. காதல் என்றாலே பிரிவு என்று அந்த மரபு அறிந்திருந்தது. அகப்பாடல்களில் ஊறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தகாஹாஷி தகானோபு என்னும் ஜப்பானிய அறிஞர் சங்க அகக்கவிதையையும் அதன் இலக்கணத்தையும் ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பதை இங்கே நினைவுகூரலாம். இரு மரபுகளுக்கும் உறவு உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நாங்கள் போகவில்லை. அங்கிருந்து இங்கே பார்க்க ஒருவர் வந்திருக்கிறார். இங்கிருந்து அங்கே பார்ப்பதும் தகாததன்று.

இனிப் பாடல்களுக்கு வருவோம். ‘ஹட்சுகோய்’ தொகுப்பின் முதற்பாடலுக்குப் பெயரே ‘ப்ளே எ லவ் சாங்’. காதற்பாட்டு ஒன்றை ஒலிக்கவிடு என்று கதவைத் திறந்துவிடுகிறது. அடுத்தது ‘அனாத்தா’. நீ, நீங்கள் என்று பொருள். ஜப்பானிய மனைவி கணவனை அழைக்க வழிவழியாகப் பயன்படுத்தும் சொல்லும் அதுவே. இப்பாடல் 2017இல் வந்த ஒரு திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. இறந்துபோன மனைவியை மீட்டுவர மறுவுலகுக்கே செல்லும் கணவனின் கதை அது. அப்படத்தோடு கேட்டால் பாடல் கணவன் மனைவிக்கு உரியது. படத்தை மறந்துவிட்டுக் கேட்டால், பிள்ளையைப் பார்த்துப் பேசும் தாயின் குரலாக ஒலிக்கிறது. பாடலில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ‘நீ’ என்ற இருக்கையில் யாரை அமர்த்துகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது நம் இலக்கணம் விதித்த வரையறை. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது, நாகரிகம் கருதி மறைத்தார்கள் என்று விளக்கம் தருவோர் உண்டு. எங்களுக்கோ, பெயரை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகி, படிப்பவர் தம்முடையவரை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடிகிறது என்பதே பெரிய காரணமாகப் படுகிறது. உடாடாவின் ‘அனாத்தா’வும் அப்படிப்பட்ட காலியிடந்தான். காதலர், கணவர், மகன், இறந்த தாய் ஆகிய நால்வரும் அந்த ஒரே இருக்கையில் மாறி மாறி வந்து அமர்கிறார்கள்.

இந்தப் பார்வை ஏட்டறிவால் மட்டும் வந்ததன்று. 2019இல் எங்களில் ஒருவர் தம் தாயை இழந்தார். விற்பனைக்கணக்குப் பேசியவர் என்று மேலே குறிப்பிட்டோமே, அவர்தான். மருத்துவமனையில் கடைசிப் பதினொரு நாள்கள் உடனிருந்தவர். காரியங்கள் முடிந்து சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசும்போது, “அந்த இரண்டாவது பாட்டு இருக்கிறதே, அதை இரவில் கேட்கிறேன்” என்றார். எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “அம்மா எனக்குப் பாடுவதுபோல் முதலில் கேட்டேன். இப்போது நான் அம்மாவுக்குப் பாடுவதுபோல் இருக்கிறது.” பிறகு பேச்சு விடைத்தாள் திருத்தும் பணிக்கு மாறிவிட்டது. நடுத்தர வயதில் துயரம் இப்படித்தான் பேசப்படுகிறது. இரண்டு வாக்கியம், அப்புறம் அலுவல்.

அந்த ஆண்டு அவர் வகுப்பில் உடன்போக்குப் பாடல்களை நடத்தினார். தலைவி தலைவனோடு புறப்பட்டுப் போய்விட்டாள்; வீட்டில் நற்றாயும் செவிலியும் இருக்கிறார்கள். அவள் விளையாடிய இடம், வளர்த்த கிளி, வெறுமையான முற்றம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அவர்கள் புலம்புகிறார்கள். ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: “ஐயா, இது காதல் பாட்டுத்தானே? இதுல அம்மா ஏன் வந்து அழுவுறாங்க?”

நல்ல கேள்வி. அகம் என்பது ஒத்த அன்பினராகிய இருவரின் உள்ளத்து நிகழ்ச்சி என்று வரையறை சொல்லிவிட்டு, அதே அகத்துக்குள் தாயின் கதறலுக்கும் நம் முன்னோர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். புறத்திணையில் கையறுநிலை இருக்கிறது. இழப்பைப் பாட அது போதும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு பெண் காதலிக்கத் தொடங்கும் இடத்தில், அவளை முதலில் காதலித்த ஒருத்தி இழக்கத் தொடங்குகிறாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கம் என்பதால் இரண்டையும் ஒரே திணையில் வைத்தார்கள். மகள் நடந்துபோகும் பாலைவழியும், தாய் நின்றுகொண்டிருக்கும் வாசலும் ஒரே பாலைதான். நண்பர் அந்த மாணவிக்கு இந்த விடையைத்தான் சொன்னாராம். சொல்லும்போது குரல் சற்றுத் தடுமாறியதாகவும் சொன்னார்.

‘ஹட்சுகோய்’ தொகுப்பைக் காதல் தொகுப்பு என்று சொல்வதில் எங்களுக்கு இருந்த தயக்கம் அதன்பின் நீங்கியது. அது காதல் தொகுப்புத்தான். காதல் என்பதன் எல்லையை மட்டும் நாம் சிறிதாக வரைந்து வைத்திருக்கிறோம். அதில் ‘நோக்கோரிகா’ என்றொரு பாடல் உண்டு. போனவரின் எஞ்சிய மணம் என்று பொருள். ‘பக்குச்சி நோ உத்தா’ என்றொரு பாடலும் உண்டு. பக்குச்சி என்பது தாய்லாந்து மொழியிலிருந்து ஜப்பானியத்துக்குப் போன சொல். நம் கொத்துமல்லித் தழைதான் அது. காதலுக்கும் மரணத்துக்கும் நடுவே கொத்துமல்லிக்கு ஒரு விளையாட்டுப் பாட்டு. தொகுப்பை முதன்முறை கேட்டபோது இது என்ன இடைச்செருகல் என்று தோன்றியது. பிள்ளை வளர்ப்போரின் வீட்டை நினைத்துப் பார்த்தால் தோன்றாது. அங்கே அடுப்பங்கரைச் சிரிப்பும் இரவின் அச்சமும் ஒரே நாளுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

இறுதிக்கு முந்தைய பாடல் ‘யூநாகி’. இதற்கு நேரான ஒற்றைச் சொல் தமிழில் கிடைக்கவில்லை. பகலில் கடலிலிருந்து நிலம் நோக்கிக் காற்று வீசும். இரவில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும். இரண்டுக்கும் இடையே, அந்தி வேளையில், காற்று திசை மாறுமுன் சிறிது நேரம் முற்றிலும் ஓய்ந்து நிற்கும். அந்த ஓய்வுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் யூநாகி. ஜப்பானின் உள்நாட்டுக் கடலான செத்தோ கடற்கரைகள் இதற்குப் பேர்போனவை. கடற்கரை, ஞாயிறு சாயும் பொழுது, இரங்கல் என்று நெய்தலை வகுத்த மரபில் வந்தவர்கள் இப்பாடலுக்கு முன் அந்நியராய் நிற்க வேண்டியதில்லை. அலையடங்கிய நீரைப் போன்று, பெரிதாக எழும்பாமல் தாழ்ந்தே ஒலிக்கிறது குரல். 16 வயதில் இப்படிப் பாடியிருக்க இயலாது. அந்தப் பாடகருக்குத் திறன் அன்றே இருந்தது. பாட வேண்டிய அமைதி இன்னும் அவருக்கு நிகழ்ந்திருக்கவில்லை.

இறுதிப் பாடலின் பெயர், பிறர் பொறாமை கொள்ளத்தக்க வாழ்க்கை என்று பொருள்படுவது. உறவின் முழு நீளத்தையும் மரணத்தின் எதிரே நிறுத்திப் பார்க்கும் பாடல் அது. ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாடலில் பிரிவு என்பது ஒருவர் இன்னொருவரை விட்டுப் போவது. இங்கே பிரிவு என்பது இறப்பு. அத்தகைய பிரிவு வரும் என்று தெரிந்தே ஒருவரோடு வாழ ஒப்புக்கொள்வதுதான் காதல் என்று தொகுப்பு சொல்லி முடிக்கிறது. முதல் தொகுப்பைக் கேட்டு உருகிய எங்களுக்கு அன்று இது சொல்லப்பட்டிருந்தால் காதில் ஏறியிருக்குமா என்பது ஐயம்.

2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இவ்விரு பாடல்களையும் அடியாகக் கொண்டு ஒன்பது பகுதிகள் கொண்ட ஜப்பானியத் தொடர் ஒன்றை வெளியிட்டது. விபத்தொன்றில் நினைவை இழந்து, தன் முதற்காதலையே மறந்துபோன பெண் அதன் தலைவி. அந்தத் தொடரின் வழியாக எங்கள் மாணவர்கள் சிலர் உடாடாவைக் கண்டடைந்தார்கள். இருபதாண்டுகளுக்கு முன் நாங்கள் நாடா தேயக் கேட்ட குரலை, செவிப்பொறி மாட்டிக்கொண்டு அவர்கள் கேட்கிறார்கள். ஒரு மாணவன் வியந்துபோய்ச் சொன்னான்: “ஐயா, இத எழுதும்போது அவங்களுக்கு பதினாறு வயசுதானாம்.” ‘ஹட்சுகோய்’ பாடலையும் கேட்டாயா என்று கேட்டோம். கேட்டானாம். “அது கொஞ்சம் பெரியவங்க பாட்டு மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே பேருங்கிறாங்க. ரெண்டாவது தடவ வர்றது எப்படிங்கய்யா முதல்ங்கிறது?”

நாங்கள் மூவரும் ஆண்டுக்கணக்கில் பேசிய கேள்வி ஒரு நிமிடத்தில் வந்து விழுந்துவிட்டது. அவனுக்குச் சொன்ன விடையைத்தான் இங்கும் சொல்ல வேண்டும்.

தமிழில் ‘முதல்’ என்ற சொல்லுக்கு எண்ணில் முந்தியது என்பது ஒரு பொருள் மட்டுமே. வேர் என்றும் பொருள் உண்டு. அடிப்படை என்றும் பொருள் உண்டு. வணிகத்தில் போட்ட பணத்தையும் முதல் என்கிறோம். அகப்பாட்டின் முப்பொருள்களுள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். பாட்டில் அவை முன்னால் வரவேண்டும் என்பதற்காக அப்பெயர் இடவில்லை. மரமும் பறவையும் மாந்தரும் அவர்தம் உள்ளமும் ஆகிய எல்லாம் நிற்பதற்கு அவை களமாக இருப்பதால் முதல் என்றார்கள். பாட்டில் முதற்பொருள் வெளிப்படச் சொல்லப்படாமலும் போகலாம். அப்போதும் அது இல்லாமல் போவதில்லை.

அந்தப் பொருளில் பார்த்தால், 16 வயதில் உடாடா பாடியது எண்ணில் முதலாக வந்த காதல். 35 வயதில் பாடியது, பின்னால் வந்த காதல்கள் எல்லாம் எதன்மேல் நின்றனவோ அந்த முதல். ஒருவரை நம்பிச் சாய்வது எப்படி, ஒருவர் வரும் காலடியோசைக்குக் காத்திருப்பது எப்படி, ஒருவர் திரும்ப வராமல் போவது எப்படி என்பதை ஒரு குழந்தை முதலில் கற்றுக்கொள்வது காதலரிடம் அன்று. அதைக் கற்றுக்கொடுத்தவரை இழந்த பிறகுதான், கற்றது காதல் என்று தெரிகிறது. ஆகவே அது காலத்தால் பிந்தி வருகிறது. பெயரால் முதலாக இருக்கிறது. தாயை இழந்து, பிள்ளையைப் பெற்று, அந்த இரு கரைகளுக்கும் நடுவே நின்றவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறு அமைந்திருக்காது. அதை அவர் தாயின் மொழியில் சொன்னதும் தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மாணவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எனக்கு இன்னும் புரியாதுங்கய்யா” என்றான். அவன் தாய் ஊரில் நலமாக இருக்கிறார். நாள்தோறும் மதியம் அவர் கட்டிக்கொடுத்த சோற்றைத்தான் அவன் உண்கிறான். புரியாமல் இருப்பதே நல்லது என்று சொல்லி, வகுப்புக்கு அனுப்பினோம்.